தேறியவர்கள் சரி, சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?

"மாஷே, ரெண்டு வளையலை வெச்சரலாமுங்களா?"

கேட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் விவசாயி. கையில் பளபளப்பான ஒரு நோட்டீஸ். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்த அவருடைய மகள் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்தது. நான்கு மாதப் பயிற்சி. நெட்வொர்க், கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று மூன்று சர்வதேச சர்டிபிகேட்டுகள். '98 சதவீதத் தேர்ச்சி'. '100 சதவீத வேலை உதவி'. கட்டணம் ரூ. 75,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. தேர்வுக் கட்டணம் இதில் சேராது என்ற வரி கடைசியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருந்தது.

பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஊரில் இப்படிப்பட்ட காகிதங்கள் என்னிடம் வந்து சேரும். கம்ப்யூட்டர் நான் நடத்திய பாடமில்லை. ஆனால் முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவனுக்கு, யாராவது '98 சதவீதம்' என்றால் உடனே ஒரு கேள்வி எழும். எத்தனை பேரில்?

எலப்புள்ளி என்ற பெயர் 2025-ல் மதுபான ஆலைச் சர்ச்சையில் அடிபட்டபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரிய வந்தது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, பனைமரங்களும் தண்ணீர்க் கவலையும் உள்ள எல்லைப்புறம். பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் தொழிற்பேட்டை இருக்கிறது. 2015-ல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி.யின் வளாகமும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு 'கோர்ஸ்' என்றால் வாளையாரைத் தாண்டித்தான். காலையில் பஸ் ஏறினால் பத்து மணிக்குள் உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரம் போய்விடலாம். அங்கே மாடிக்கு மாடி ஒரு சென்டர்.

இந்தக் காட்சி எனக்குப் புதிதில்லை. 1990-களில் இதே ஊர்களில் 'சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா' என்று தெருவுக்குத் தெரு போர்டு தொங்கியது. 1981-ல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி., 1986-ல் தொடங்கிய ஆப்டெக் ஆகியவற்றின் கிளைகள் சிறிய நகரங்கள்வரை வந்தன. அவற்றைப் பார்த்து ஆயிரம் சின்னக் கடைகள் முளைத்தன. 2000-ம் வருஷத் தேதிக் குழப்பத்தைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்றார்கள். அமெரிக்க விசா பற்றிப் பேசினார்கள். 2001-ல் அமெரிக்காவில் சரிவு வந்ததும் எத்தனையோ போர்டுகள் இறங்கின. முன்பணம் கட்டியவர்களுக்கு மிஞ்சியது ரசீது.

அந்தக் காலத்திலேயே நம் அரசு ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்திருந்தது. மத்திய மின்னணுத் துறையும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து 1990-ல் கொண்டுவந்த 'டோயக்' திட்டம். ஓ, ஏ, பி, சி என்று நான்கு நிலைகள். பாடம் நடத்துவது தனியார் சென்டராக இருக்கலாம். பரீட்சை வைப்பது அந்த சென்டர் அல்ல. டோயக் அமைப்பே தேசிய அளவில் நடத்தும். எந்த சென்டரிலும் சேராமல் சொந்தமாகப் படித்து நேரடியாக எழுதவும் வழி இருந்தது. 2011-ல் அந்த அமைப்பின் பெயர் 'நைலிட்' என்று மாறியது. தேர்வுகள் இன்றும் நடக்கின்றன. கற்பிப்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர் என்ற பிரிவினை இருந்தால் மாணவனுக்குப் பாதுகாப்பு.

இப்போதைய சிஸ்கோ, அமேசான், மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், காம்ப்டியா தேர்வுகளிலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. நிறுவனம் கேள்வி தயாரிக்கிறது. பியர்சன் வியூ போன்ற தேர்வு நிறுவனங்கள் கண்காணிப்பாளரை வைத்துத் தேர்வை நடத்துகின்றன. காந்திபுரத்து சென்டருக்கு அதில் கை இல்லை. எனவே தேர்ச்சி சதவீதமே போதுமான அளவுகோல் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பள்ளிக்கூடத்து விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு காட்ட விரும்பும் சில பள்ளிகள், படிப்பு வராத பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடும். பிறகு நூறு சதவீதம் என்று பானர் கட்டும். பானரில் பொய் இல்லை. அனுப்பப்பட்ட பிள்ளைகள் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் சென்டரிலும் இதே கணக்கைப் போடலாம். ஒரு பேட்ச்சில் 60 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். மீதி 40 பேருக்கு சென்டர் ஒரு மாதிரித் தேர்வு வைக்கிறது. அதில் சரியாகச் செய்யாத 15 பேரிடம், "இன்னும் கொஞ்சம் தயாராகிவிட்டு எழுதுங்கள்" என்கிறது. மீதி 25 பேர் எழுதி, 24 பேர் தேறுகிறார்கள். சென்டரின் கணக்கில் 96 சதவீதம். பணம் கட்டியவர்களின் கணக்கில் 60-க்கு 24, அதாவது 40 சதவீதம். இரண்டும் ஒரே பேட்ச்தான்.

இன்னொரு கோணமும் உண்டு. ஏற்கெனவே ஐந்து வருஷம் கம்பெனியில் வேலை பார்த்தவர்களையே சேர்த்துக்கொள்ளும் சென்டரில் தேர்ச்சி அதிகமாக இருப்பதில் ஆச்சரியம் என்ன? டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு வரும் கிராமத்துப் பெண்ணை எங்கிருந்து எங்கே கொண்டுபோனார்கள் என்பதே கேள்வி. அவளைப் போல வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் தேறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும்.

பயிற்சியை எப்படி அளப்பது என்று அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-ல் கட்டுரைகள் எழுதினார். தொழில் நிறுவனங்கள் இன்றும் அவருடைய நான்கு படிகளைப் பயன்படுத்துகின்றன. படித்தவருக்குப் பிடித்ததா? கற்றுக்கொண்டாரா? கற்றதை வேலையில் செய்கிறாரா? அதனால் பலன் கிடைத்ததா? நோட்டீஸில் சிரிக்கும் முகங்களும் 'ஃபேக்கல்டி சூப்பர்' என்ற பாராட்டுகளும் முதல் படியைத் தாண்டுவதில்லை. தேர்ச்சி சதவீதம் இரண்டாம் படி. வளையலை வைத்துப் பணம் கட்டுகிற வீட்டுக்குத் தேவைப்படுவது மூன்றாவதும் நான்காவதும்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, அப்பாவும் மகளும் நானும் ஒரு சனிக்கிழமை கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினோம். மூன்று சென்டர்கள் பார்த்தோம்.

முதலாவது, நோட்டீஸ் கொடுத்த இடம். குளுகுளு வரவேற்பறை. ஆலோசகர் என்ற பெயரில் ஓர் இளம் பெண். பேச்சில் குறையே இல்லை. பத்து நிமிடத்தில் மொபைலிலேயே கடன் வாங்கித் தருவதாகச் சொன்னார். லேபைப் பார்க்கலாமா என்றோம். "பேட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது சார்." போன பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? "எல்லாருமே பாஸ் சார்." அதை எழுதிக் கொடுப்பீர்களா? "நம்பிக்கைதானே சார் எல்லாம்."

அந்த மொபைல் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தகைய கடனில் பணம் பெரும்பாலும் நேரே சென்டர் கணக்குக்குப் போய்விடும். வகுப்பு பிடிக்காமல் போனாலும், சென்டரையே மூடிவிட்டாலும், மாதத் தவணை படித்தவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். டிஜிட்டல் கடனிலிருந்து அபராதமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு கால அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதித்திருக்கிறது. அந்த அவகாசம் எத்தனை நாள் என்று கையெழுத்துப் போடும் முன் கேட்பவர்கள் குறைவு.

இரண்டாவது சென்டரின் போர்டில் 'எம்.சி.எஸ்.இ.' என்று பெரிதாக எழுதியிருந்தது. மைக்ரோசாஃப்ட் அந்தச் சான்றிதழை 2021 ஜனவரியோடு முடித்துவிட்டது. போர்டு பழையதாக இருந்தால் போகட்டும் என்று உள்ளே போனோம். மேஜைமேல் காம்ப்டியா ஏ பிளஸ் புத்தகம். அட்டையில் 1101 என்ற தேர்வு எண். அந்தத் தேர்வு 2025 செப்டம்பரில் முடிந்து, 1201 என்ற புதிய தேர்வு வந்துவிட்டதை அந்தப் பெண்ணே தன் போனில் பார்த்துச் சொன்னாள். "கவலைப்படாதீங்க, கடைசி வாரம் டம்ப்ஸ் கொடுத்துடுவோம். அதிலிருந்து அப்படியே வரும்" என்றார் நடத்துபவர்.

டம்ப்ஸ் என்றால் தேர்வு எழுதியவர்களிடமிருந்து திருடிச் சேர்த்த கேள்வி-பதில். இது சின்ன விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் தேர்வுக் கேள்விகளை இணையத்தில் விற்ற ஒருவர் 2002-ல் வர்த்தக ரகசியத் திருட்டுக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, பிறகு சிறைத் தண்டனையும் பெற்றார். வாங்கிப் படிப்பவருக்கும் ஆபத்து இருக்கிறது. தேர்வு எழுதும்போது ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளின்படி, மோசடி தெரிந்தால் நிறுவனம் மதிப்பெண்ணை ரத்து செய்யலாம், மறுபடி எழுதத் தடை விதிக்கலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் இன்டர்வியூவில் நேரும். சான்றிதழ் இருந்தும் கம்ப்யூட்டரைத் தொடத் தெரியாதவர்களுக்கு 1990-களிலேயே அமெரிக்காவில் 'காகித எம்.சி.எஸ்.இ.' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது சென்டர் ஒரு சந்தில், எலெக்ட்ரிக்கல் கடைக்கு மேலே. ஏ.சி. இல்லை. அலமாரியில் பழைய ரவுட்டர்களும் ஸ்விட்ச்களும் இரைந்துகொண்டிருந்தன. நடத்துபவர் ஒரே ஆள்தான் போலும். ஒன்பது பேருக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, மாணவர்களை டீ குடிக்க அனுப்பினார். அவர்கள் போன பிறகு கீபோர்டில் ஏதோ தட்டினார், ஒரு கேபிளை வேறு துளையில் மாற்றிச் செருகினார். திரும்பி வந்தவர்களிடம், "இந்த கம்ப்யூட்டர் அந்த கம்ப்யூட்டரோடு பேசமாட்டேங்குது. ஏன்னு கண்டுபிடிங்க" என்றார்.

அரை மணி நேரம் ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டு தேடினார்கள். கேபிளை ஒரு பையன் சீக்கிரமே பார்த்துவிட்டான். இன்னொரு பழுது பிடிபடவில்லை. கடைசியில் ஒரு பெண் முகவரியில் ஓர் எண் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தாள். ஆசிரியர் பாராட்டவில்லை. "முதல்ல எதைப் பார்த்திருக்கணும்?" என்றுதான் கேட்டார்.

பேட்ச் கணக்கைக் கேட்டோம். நீளமான நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்து வாசித்தார். போன பேட்ச்சில் சேர்ந்தவர்கள் 14. முடித்தவர்கள் 11. தேர்வு எழுதியவர்கள் 8. முதல் தடவையிலேயே தேறியவர்கள் 5. வேலைக்குப் போனவர்கள் 4. அதில் ஒருவர் சொந்தக்காரர் மூலம் போனார், அது என் கணக்கில் வராது என்றார். முதல் சென்டரின் 98 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இது பரிதாபமான எண்ணிக்கை. ஆனால் அன்றைக்கு எங்கள் காதில் விழுந்த முழுக் கணக்கு இது ஒன்றுதான்.

மூன்று சர்டிபிகேட் பற்றிக் கேட்டபோது சிரித்தார். "ஒண்ணு ஒழுங்காப் படிக்கட்டும். அதுக்கும் முன்னாடி ஒரு மாசம் வீட்டுல இலவசமாப் படிச்சுப் பார்க்கட்டும். பிடிச்சா வரட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தேர்வு நடத்தும் நிறுவனங்களே பாடத்திட்டத்தை இலவசமாக வெளியிடுகின்றன. உதாரணமாக, அமேசானின் சொல்யூஷன்ஸ் ஆர்கிடெக்ட் முதல்நிலைத் தேர்வில், 2022-ல் வந்த வடிவப்படி 65 கேள்விகள், 130 நிமிடம், ஆயிரத்துக்கு 720 எடுத்தால் தேர்ச்சி. பாதுகாப்புக்கு 30 சதவீதம், பழுதைத் தாங்கும் அமைப்புக்கு 26, வேகத்துக்கு 24, சிக்கனத்துக்கு 20 என்று பங்கீடும் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சென்டரின் கால அட்டவணையோடு ஒப்பிட்டால், எதற்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். சிஸ்கோ தன் சி.சி.என்.ஏ. பாடத்திட்டத்தை 2024 ஆகஸ்டில் மாற்றியது. சென்டரின் நோட்ஸ் அதற்கு முந்தையதா, பிந்தையதா? ரெட் ஹேட் தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. ஓடுகிற கம்ப்யூட்டரில் சொன்னதைச் செய்து காட்ட வேண்டும். அதற்குப் பலகையில் எழுதிப் பாடம் எடுத்தால் எப்படிப் போதும்?

ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். வாராந்தர வீட்டுப்பாடத்துக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். கம்பெனிக்காரர்கள் கேட்கும் சர்டிபிகேட்டுக்கு இது மாற்றாகாது. ஆனால் ஒரு பெண்ணுக்கு இந்தப் பாடத்தில் மனம் பதிகிறதா என்று தெரிந்துகொள்ள எழுபத்தைந்தாயிரம் தேவையில்லை.

இன்னொரு விஷயம், எல்லையில் இருப்பவர்களுக்காக. பணம் கட்டியது தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில். ஏமாந்தால் எங்கே போவது என்ற பயம் எங்கள் ஊரில் நிறைய. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோயம்புத்தூர் சென்டர் மீது பாலக்காட்டு நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். ஐந்து லட்ச ரூபாய்வரை கொடுத்த பணத்துக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. கல்லூரிகளைப் போல கோச்சிங் சென்டர்களுக்கு விலக்கு இல்லை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் சொல்லிவிட்டது. ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது.

கோச்சிங் விளம்பரங்களுக்கென்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. வேலையோ தேர்ச்சியோ உறுதி என்று சொல்லக் கூடாது. தேறியவர் படத்தைப் போட்டால், அவர் எந்தக் கோர்ஸ் படித்தார், எத்தனை நாள் படித்தார் என்று சொல்ல வேண்டும். தேறிய பிறகு அவருடைய எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். நிபந்தனைகளை விளம்பர வாசகத்தின் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். எங்கள் தெருவுக்கு வந்த நோட்டீஸின் கடைசி வரியை நினைத்துக்கொண்டேன்.

ஆக, கேட்க வேண்டியவை அதிகமில்லை. போன இரண்டு பேட்ச்சில் சேர்ந்தவர், முடித்தவர், எழுதியவர், முதல் தடவை தேறியவர் எத்தனை பேர்? தேர்வுக் கட்டணம் யார் கட்டுவது? சி.சி.என்.ஏ. ஒன்றுக்கே 300 டாலர் ஆகிறது. தவறினால் மறுபடியும் கட்ட வேண்டும். பாடம் எடுப்பவர் அந்தத் தேர்வை எழுதியவரா, அந்த வேலையைப் பார்த்தவரா? ஒருவருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப்? பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவார்களா? எல்லாவற்றுக்கும் பதில் காகிதத்தில் வேண்டும். அந்தப் பெண் இந்தக் கேள்விகளை மூன்று சென்டர்களுக்கும் இ-மெயிலில் அனுப்பினாள். முதலாவதிலிருந்து, சலுகை விலை இன்று இரவோடு முடிகிறது என்று பதில் வந்தது. இரண்டாவதிலிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்றாமவர் தன் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா வாளையார்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "இது படிச்சா வேலை கிடைச்சிருமுங்களா மாஷே?" என்றார். கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சந்துக்காரரும் சொல்லவில்லையே என்றேன். அவர் தலையாட்டினார்.

ஒரு மாதம் வீட்டில் படித்துவிட்டு அவள் அங்கேதான் சேர்ந்திருக்கிறாள். கட்டணம் ரூ. 28,000, மூன்று தவணை. முதல் தவணை பால் பணத்தில் போயிற்று. வளையல்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அந்த நீளமான நோட்டில் இந்த பேட்ச்சின் முதல் பத்தியில் அவள் பெயரும் ஏறியிருக்கிறது. தேறினாலும் தேறாவிட்டாலும் அந்த வரியை அடிக்கப் போவதில்லை என்று அவர் சொல்லியிருக்கிறாராம்.